பெஞ்சு மேல வெச்ச துப்பாக்கி: சுடறது மனுசனா, லேத்தா?

நம்ம பக்கம் தேர்த்திருவிழாவுக்குப் போறவங்க பலூன் சுடற கடையைத் தாண்டாம வந்திருக்க மாட்டீங்க. முன்னால ஒரு பலகை போட்டிருக்கும். விவரமானவன் முழங்கையை அதுல ஊனிக்கிட்டுத்தான் குறி பார்ப்பான். கடைக்காரர் உடனே "கையை எடுத்துட்டு சுடுங்ணா"ம்பார். ஊனிச் சுடறது கள்ளாட்டமா, சாமர்த்தியமா? இந்தச் சண்டைக்கு வயசு பல நூறு வருஷம்.

16, 17-ஆம் நூற்றாண்டுல ஐரோப்பிய மஸ்கட் வீரன் கையில ஒரு கவட்டைக் குச்சியும் இருக்கும். நம்மூர்ல முள்ளு எடுக்கற கவைக்கோல் மாதிரிதான். துப்பாக்கி கனம் தாங்காது, அதனால கவையில வெச்சுச் சுட்டான். அப்போ அது அவசியம். அமெரிக்காக்காரங்க அதைப் போட்டியாக்கினாங்க. 19-ஆம் நூற்றாண்டுல பதினஞ்சு கிலோவையும் தாண்டின ரைபிள்களை மேஜை மேல வெச்சுச் சுட்டு, மையத்துல இருந்து ஒவ்வொரு ஓட்டையும் எவ்வளவு தூரம்னு நூல் வெச்சு அளந்து கூட்டுவாங்க. யாருக்கு நூல் குட்டையோ அவருக்குப் பரிசு. நல்லாருக்கில்ல?

ஃபிராங்க்ளின் மான்னு ஒரு டாக்டர். குண்டு ஏன் ஒரே இடத்துல போய் விழ மாட்டேங்குதுன்னு மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டவர். மனுசக் கையோட தப்பே நடுவுல வரக்கூடாதுன்னு கான்கிரீட் மேடை கட்டி அதுல குழாயை வெச்சுச் சுட்டுப் பார்த்தார். 1909-ல அதை ஒரு புத்தகமாவே போட்டுட்டார். இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட சங்கங்கள் உருவாகி, இந்த ஆட்டத்துக்கு பெஞ்ச்ரெஸ்ட்னு பேரும் நிலைச்சது.

இதுல பல சாதி உண்டு. மூத்தது 'குரூப்'. 100, 200, 300 கெஜ தூரத்துல அஞ்சு குண்டு. மையத்துல படணும்னு அவசியமே இல்லீங்க! அஞ்சும் ஒண்ணு மேல ஒண்ணு விழணும், அவ்வளவுதான். ரொம்பத் தள்ளியிருக்கற ரெண்டு ஓட்டையோட மையத்துக்கு மையம் அளப்பாங்க. 1973-ல மேக் மெக்மில்லன் 100 கெஜத்துல சுட்டது 0.009 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர் கூட இல்ல. நாப்பது வருஷம் கழிச்சு, 2013-லதான் அது உடைஞ்சது. அஞ்சு குண்டும் ஒரே ஓட்டையில போனா, அஞ்சும் சுட்டானான்னு எப்படித் தெரியும்? அதுக்காகவே இலக்குக்குப் பின்னாடி நகர்ந்துக்கிட்டே இருக்கற இன்னொரு தாள் வெக்கறாங்க.

'ஸ்கோர்' வகையில ஒரு வட்டத்துக்கு ஒரே குண்டு. குரூப்ல மூணாவது குண்டு லேசா விலகிட்டா அந்தக் குரூப்பே போச்சு. ஸ்கோர்ல ஒரு வட்டத்தோட நஷ்டம் முடிஞ்சுடும். 1,000 கெஜம் தனி உலகம். பென்சில்வேனியாவுல வில்லியம்ஸ்போர்ட்ல 1967-ல அதுக்குன்னே கிளப் தொடங்கினாங்க. குண்டு போய்ச் சேரவே ஒரு நொடிக்கு மேல ஆகும், அதுக்குள்ள காத்து என்ன வேணா பண்ணிடும். கனடாவுல ஜார்ஜ் ஃபார்க்கர்சன், வயசாகிக் கண்ணு மங்கினவங்களும் ஆட்டத்துல இருக்கட்டும்னு தரையில படுத்து, தாங்கி வெச்சு, டெலஸ்கோப்போட சுடற முறையைக் கொண்டுவந்தார். அவர் பேரோட முதல் எழுத்துதான் எஃப்-கிளாஸ் ஆச்சு.

இப்ப தலைப்புக்கு வரேன். குரூப் போட்டியில பேர்போன 6 மி.மீ. பி.பி.சி. தோட்டாவை 1970-கள்ல உருவாக்கினது ரெண்டு பேர்: பால்மிசானோ ஒரு அறுவை சிகிச்சை டாக்டர், பிண்டெல் ஒரு டூல் மேக்கர். ஏ.கே.-47 தோட்டாவோட வம்சத்துல வந்ததைச் செதுக்கித்தான் செஞ்சாங்க. போட்டியாளர்கள் பித்தளைக் கூட்டோட கழுத்தைக் கடைஞ்சு, மருந்து அளந்து போட்டு, தோட்டாவை மேஜையிலேயே செஞ்சுக்குவாங்க. சுடறதுல பாதி பட்டறை வேலை. பீளமேட்டுலயும் கணபதியிலயும் மைக்ரோமீட்டரோட பொழங்கறவங்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. எனக்குத் தெரிஞ்சு உலகத்துலயே கோயமுத்தூர்க்காரனுக்குப் பொருத்தமான விளையாட்டு இதுதான் :-)

அப்புறம் ஏன் இங்க வேர் விடலை? துப்பாக்கி நமக்குப் புதுசில்ல. தீரன் சின்னமலை கம்பெனிப் படையோட மோதின ஊருங்க இது. ஆனா 1801 டிசம்பர்ல தெக்கத்திப் பாளையங்கள்ல ஆயுதத்தைத் தடுத்து எட்வர்ட் கிளைவ் அறிவிப்பு விட்டார். 1805-ல சின்னமலையைச் சங்ககிரியில தூக்குல போட்டாங்க. 1878 ஆயுதச் சட்டம் லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி கூடாதுன்னுச்சு. 1959 சட்டத்துலயும் அதே லைசென்ஸ்தான். மலையடிவாரத்துல பயிர்க் காவலுக்கு வெச்சிருந்தவங்க உண்டு. அதுல யாரும் போட்டி நடத்தலை. தோட்டா செய்யவே லைசென்ஸ் வேணுங்கற நாட்டுல, வீட்டு மேஜையில மருந்து அளக்கற ஆட்டம் எப்படி வளரும்?

1951-ல தொடங்கின தேசிய ரைபிள் சங்கம் போனது ஒலிம்பிக் வழி. அதுல தாங்கி கிடையாது, உடம்புதான் பெஞ்சு. சென்னையில பிறந்த ககன் நரங் 2012-ல லண்டன்ல வெண்கலம் வாங்கின 10 மீட்டர் ஏர் ரைபிள்ல, பத்துப் புள்ளி வட்டமே அரை மி.மீ.தான். நின்னுக்கிட்டே சுடணும். எதுவும் ஊனக்கூடாது, பலூன் கடைக்காரர் கட்சி.

என் ஓட்டு .22 ரிம்ஃபயர் பெஞ்ச்ரெஸ்டுக்கு. 50 மீட்டர், அட்டையில 25 வட்டம், 250 புள்ளி. கம்பெனித் தோட்டாதான், யாரும் தானே செஞ்சுக்க முடியாது. அதுலயும் எந்த லாட் தன் குழாய்க்கு ஒத்துவருதுன்னு பெட்டி பெட்டியா வாங்கிச் சுட்டுப் பார்க்கற ஆளுங்க இருக்காங்க. காசுள்ளவன் கை அங்கயும் கொஞ்சம் ஓங்கித்தான் இருக்கும்.