பஸ் நிறுத்தத்தில் தொலைந்த ‘எஸ்’

சில வருஷங்களுக்கு முன் நார்வேக்காரர்களுக்கான ஒரு செயலியில், நீளமான சொல்லை வரி முடிவில் உடைக்கும் நிரலை நான்தான் எழுதினேன். அவர்களுடைய பொது விதி எளிது: இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே எத்தனை மெய் இருந்தாலும் கடைசி மெய் மட்டும் அடுத்த வரிக்குப் போகும். அரை மணி நேர வேலை. முதல் புகாரே ‘புஸ்ஸ்டொப்’ என்ற சொல்லுக்கு வந்தது. பஸ் நிறுத்தம் என்று பொருள். என் நிரல் அதை ‘புஸ்-டொப்’ என்று உடைத்திருந்தது. ‘டொப்’ என்றால் உச்சி. பயணி பஸ் கூரையில் ஏறி நிற்க வேண்டியதுதான்!

அது கூட்டுச்சொல். ‘புஸ்’ முடிவில் இரண்டு எஸ், ‘ஸ்டொப்’ தொடக்கத்தில் ஒன்று. ஒரே மெய் மூன்று முறை அடுத்தடுத்து வரக்கூடாது என்பதால் சேர்த்து எழுதும்போது ஒன்றை விட்டுவிடுவார்கள். வரி முடிவில் உடைத்தால் அந்த எஸ்ஸைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கூட்டுச்சொல்லைப் பொருத்தில்தான் உடைக்கணும். பொருத்து எங்கே என்பது எழுத்தை எண்ணினால் தெரியாது.

பேச்சில் இந்தக் குழப்பமே இல்லை. முதல் உறுப்பில் முழு அழுத்தம் விழும், அடுத்தது தணிந்து வரும். இரண்டும் ஒரே சொல் என்பதற்கு அதுதான் அடையாளம். ‘ரொய்க்ஃப்ரிட்’ என்று சேர்த்துச் சொன்னால் ‘புகைக்கு இடமில்லை’. பிரித்து இரண்டிலும் அழுத்தினால் ‘தாராளமாகப் புகை’! தப்பாக இடைவெளி விட்ட அறிவிப்புகளை வைத்து அங்கே கேலி நிறைய.

அழுத்தம் குறைந்த பாதி காலப்போக்கில் தேய்ந்தும் போகும். பழைய நார்ஸ் மொழியில் ஜன்னலுக்கு ‘விண்டௌகா’ என்று பெயர்: காற்று + கண். ஆங்கிலம் அதைக் கடன் வாங்கி ‘விண்டோ’ ஆக்கியது. இதை நான் தட்டச்சு செய்யும் விண்டோஸுக்குள்ளும் அந்தக் கண் தேய்ந்து கிடக்கிறது.

நார்வேயிலும் இதே கதைதான். 1814 வரை டென்மார்க்கோடு இணைந்திருந்த காலத்தில் டேனிஷ்தான் எழுத்துமொழி. அதிலிருந்து வளர்ந்த பூக்மோலில் ஜன்னல் வெறும் ‘விண்டு’. இதில் கண்ணைத் தேடினாலும் கிடைக்காது. 19ஆம் நூற்றாண்டில் ஈவார் ஓசென் கிராமம் கிராமமாகப் போய் வட்டார வழக்குகளைத் திரட்டினார். 1848இல் இலக்கணம், 1850இல் அகராதி. அந்த வழியில் வந்த நீநோர்ஸ்கில் இன்றும் ‘விண்டௌகெ’ என்றுதான் எழுதுகிறார்கள்.

என் நிரலில் கடைசியில் பொருத்துகளைக் குறித்த ஒரு பட்டியலைச் சேர்த்தேன். பூக்மோலுக்கு ஒன்று, நீநோர்ஸ்குக்கு ஒன்று. ‘விண்டௌகெ’க்கு இரண்டாவதில் மட்டும் பொருத்து உண்டு.