பீட்டர் தங்கராஜ்

பீட்டர் தங்கராஜ் (24 டிசம்பர் 1935 – 24 நவம்பர் 2008), மெல்போர்ன் (1956), ரோம் (1960) ஒலிம்பிக் போட்டிகளுக்கு இந்திய அணியில் சென்று, 1950-களின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் உயர்மட்டக் கால்பந்தில் நிலைத்து நின்ற கோல்கீப்பர் ஆவார்.

ஐதராபாத்தில் பிறந்து, செகந்திராபாத் சங்கங்களில் எதிரணியின் கோலைத் தாக்கும் நடு முன்கள வீரராக விளையாடிய இவர், 1953-ல் இராணுவத்தில் சேர்ந்த பின்னரே, நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தில் கோல்கம்பத்துக்கு வந்தார். அம்மையத்தின் அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. பந்து எங்கே அடிக்கப்படும் என்பதை முன்னுணரும் ஆற்றலுக்கு முன்கள அனுபவம் உதவியிருக்கும் எனக் கருத இடமுண்டு.

அக்காலத் தோல்பந்து மழையில் நனைந்து கனத்துவிடும். கையில் பந்தை ஏந்திய கோல்கீப்பரைத் தோளால் மோதவும் அன்றைய விதிகள் இடமளித்தன. ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் நீண்ட கைகளும் கொண்ட தங்கராஜ் உயரப் பந்துகளைக் கூட்டத்தின் நடுவே பற்றினார் என்பதோடு, பிடித்த பந்தை நடுக்கோட்டைத் தாண்டும்படி உதைத்து, தற்காப்பின் கடைசி ஆளே தாக்குதலின் முதல் ஆளாகவும் இருக்க முடியும் என்று காட்டினார். அவரது தனிச்சிறப்பு இதுவே.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், தொடக்க ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0–2 எனத் தோற்ற இந்தியா, அதே அணியை இறுதியில் சந்தித்தது. இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதை இந்தியரான ஜி. டி. சோந்தி கண்டித்திருந்ததால் அரங்கம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம், அரையிறுதியில் பிரத்யுத் பர்மன் காத்த இடத்தைத் தங்கராஜிடம் ஒப்படைத்தார். பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் அடிக்க, கொரியா ஒரே கோலோடு நிறுத்தப்பட்டு, தங்கப் பதக்கம் இந்தியாவுக்குக் கிடைத்தது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா பின்னர் தங்கம் வென்றதில்லை.

கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் மூன்று பெருஞ்சங்கங்களுக்கும் அவர் விளையாடினார். ஒன்றையொன்று பகையாகக் கருதிய ரசிகர்களிடையே இது எளிதில் அமையாத ஏற்பு. 1967-ல் அர்ஜுனா விருது பெற்றார். ஓய்வுக்குப் பின் பயிற்சியாளராகப் பணிபுரிந்து, பொகாரோ எஃகு ஆலையின் விளையாட்டுப் பிரிவிலும் இளைஞர்களுக்குக் கற்பித்து, அந்நகரிலேயே காலமானார்.