கான்கிரீட் போடும் முன் லைட் பாயிண்ட் முடிவாகிவிட்டதா? புது வீடு கட்டுவோர் கவனத்துக்கு!

புது வீடு கட்டுபவர்கள் டைல்ஸுக்கும் பெயின்டுக்கும் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். லைட் விஷயத்தை மட்டும் 'எலக்ட்ரீஷியன் பார்த்துப்பார்' என்று விட்டுவிடுவார்கள். ஆனால் சீலிங் லைட்டுக்கான பைப்பும் ஃபேன் பாக்ஸும் கம்பி கட்டியதும், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே வைக்கப்படுபவை. அதன் பிறகு பாயிண்டை நகர்த்தணும் என்றால் ஃபால்ஸ் சீலிங் போடணும், இல்லை வெளியே தெரியும்படி பைப் ஓட்டணும்.

எங்கிருந்து தொடங்குவது?

வீட்டு பிளானில் கட்டில், பீரோ, சோபா எங்கே வரும் என்று பென்சிலால் வரையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும் குறியுங்கள். திறந்த கதவுக்குப் பின்னால் சுவிட்ச் போர்டு ஒளிந்துகொள்ளும் வீடுகள் நம்ம ஊரில் ஏராளம்!

சமையலறையில் நடுவில் ஒரே லைட் இருந்தால், மேடை முன் நின்று காய் நறுக்குபவரின் நிழல் அவர் கை மேலேயே விழும். மேடைக்கு நேர் மேலே அல்லது மேல் அலமாரிக்கு அடியில் தனி லைட் தேவை. கண்ணாடிக்கும் இதே கதைதான். வெளிச்சம் முதுகில் அல்ல, முகத்தில் படணும்.

இன்னொரு சிக்கல் ஃபேன். இறக்கைக்கு மேலே லைட் இருந்தால், சுற்றும்போது அறை முழுக்க நிழல் படபடக்கும். 1,200 மி.மீ. ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து சுமார் 2 அடி வரை சுற்றும். லைட்டை அதைத் தாண்டி, சுவர் ஓரமாகத் தள்ளி வையுங்கள்.

ராத்திரி எழுந்தால்...

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதுதான் முக்கியம். இருட்டில் சுவிட்சைத் தேடிப் போகும் அந்த நாலு அடியில்தான் தடுக்கி விழ வாய்ப்பு அதிகம். பெட்ரூமில் கதவருகே ஒன்று, கட்டிலருகே ஒன்று என டூ-வே சுவிட்ச் போடச் சொல்லுங்கள். மாடிப்படிக்கும் கீழே ஒன்று, மேலே ஒன்று. பாத்ரூம் போகும் வழியில் தரையை ஒட்டி சின்ன லைட் வைத்தால், கண் கூசாமல் வழி தெரியும். இதற்கான பைப்பைச் சுவர் பூசுவதற்கு முன்பே பதித்துவிட வேண்டும். இன்வெர்ட்டர் வைக்கும் எண்ணம் இருந்தால், அதற்கான தனி வயரிங்கும் இப்போதே.

வாட்ஸ் பார்த்து வாங்கலாமா?

வெளிச்சத்தின் அளவு லூமன். வாட்ஸ் என்பது பல்பு இழுக்கும் கரண்ட். பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட்ஸ் எல்இடி தந்துவிடும். தினமும் 5 மணி நேரம் எரிந்தால் 60 நாளில் 2.7 யூனிட். அழகுக்காக 20 பல்பு மாட்டி அத்தனையும் எரியவிட்டால் 54 யூனிட்! அதனால் ஹால் லைட்டுகளை ஒரே சுவிட்சில் கோர்க்காமல் பிரித்துப் போடுங்கள்.

நிறத்தை கெல்வின் எண் சொல்லும். 3,000 என்றால் இளமஞ்சள், படுக்கையறைக்கு இதம். 4,000 சமையலறைக்கும் படிக்கும் மேஜைக்கும் சரி. 6,500 பளிச் வெள்ளை. பெட்ரூமில் போட்டால் மருந்துக்கடை மாதிரி இருக்கும். கேட், மொட்டை மாடி என மழை படும் இடங்களுக்கு ஐபி65 என்று குறிப்பிட்ட லைட்டையே வாங்குங்கள். எர்த் வயரும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டியவை.

கான்கிரீட் ஊற்றும் முன்பும், சுவர் பூசும் முன்பும் பைப் போகும் பாதையை, டேப் வைத்து அளவு தெரியும்படி போனில் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஷெல்ஃப் மாட்ட டிரில் போடும்போது வயர் எங்கே ஓடுது என்று அந்தப் படம் சொல்லிவிடும்.