டைமிங் செயின்: சேலம், நாமக்கல் வட்டாரப் பழுதுபார்ப்பு வரலாறு

டைமிங் செயின் என்பது எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டையும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் சங்கிலி. நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று சுற்றும். இந்த ஒழுங்கில்தான் வால்வுகள் பிஸ்டனின் நகர்வுக்கேற்பத் திறந்து மூடுகின்றன. சங்கிலி ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டாலும் எஞ்சினின் இழுவை குறையும். பல பற்கள் தாண்டினால், பல வகை எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். எனவே இதை வீட்டிலேயே மாற்ற முடியுமா என்பது, எஞ்சின் அமைப்பைப் பொறுத்துக் காலந்தோறும் மாறிவந்துள்ளது.

தோற்றம்

இன்றைய உருளைச் சங்கிலிக்கு 1880இல் மான்செஸ்டரில் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் ரெனால்ட். மிதிவண்டிக்கும் ஆலை இயந்திரங்களுக்கும் பயன்பட்ட சங்கிலி பின்னர் கார் எஞ்சினுக்குள்ளும் வந்தது. கோயம்புத்தூரில் 1937இல் போக்குவரத்துத் தொழிலில் தொடங்கிய எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ் நிறுவனம், பிற்காலத்தில் 'ரோலான்' என்ற பெயரில் சங்கிலிகளைத் தயாரித்தது.

லாரி கற்றுத்தந்த பாடம்

1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமாகும்வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. மழை குறைந்த இந்த மேட்டுநிலப் பகுதியில் வேளாண்மைக்குத் துணையாக லாரித் தொழில் வளர்ந்தது. நாமக்கல் லாரிகளுக்குக் கூண்டு கட்டுவதிலும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளிலும், சங்ககிரி சரக்கு லாரிகளிலும் பெயர்பெற்றன.

பெரும்பாலான லாரி டீசல் எஞ்சின்களில் செயினுக்குப் பதிலாகப் பற்சக்கரங்களே கேமைச் சுழற்றுகின்றன. ஆனால் சக்கரங்களில் பொறித்த 'மார்க்' பார்த்துப் பொருத்தும் முறை இரண்டுக்கும் ஒன்றே. லாரிப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து இதைக் கற்றவருக்குக் கார் செயின் புதிராக இருப்பதில்லை.

அம்பாசிடர் காலம்

1950களின் இறுதியில் வந்து 2014 வரை உற்பத்தியான அம்பாசிடர் கார், நெடுங்காலம் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினுடன் ஓடியது. எஞ்சின் நீளவாக்கில் அமைந்ததால் டைமிங் மூடி ரேடியேட்டரை நோக்கி இருந்தது. தண்ணீரை வடித்து ரேடியேட்டரைக் கழற்றினால் வேலை செய்யப் போதுமான இடம் கிடைக்கும். கிராங்க் புல்லியையும் மூடியையும் எடுத்தபின், இரு சக்கரங்களையும் செயினோடு சேர்த்து வெளியே இழுக்கலாம். புதுச் செயினைப் பூட்டும்போது இரு சக்கரங்களின் புள்ளிகளும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். சாதாரண ஸ்பானர்களும், புல்லியைக் கழற்றும் கருவியும், பொறுமையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே முடிக்கக்கூடிய வேலை இது.

பெல்ட்டும் மீண்டும் செயினும்

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இந்த அமைப்பை மாற்றியது. அதன் எஞ்சின் குறுக்குவாக்கில் இருந்தது. கேமைச் சுழற்றியது ரப்பர் பெல்ட். பெல்ட் சத்தமின்றி ஓடும், விலையும் குறைவு. ஆனால் குறித்த கிலோமீட்டரில் மாற்றியாக வேண்டும்.

2007இல் வந்த ஸ்விஃப்ட் டீசலும், 2008இல் வந்த மாருதியின் கே வரிசைப் பெட்ரோல் எஞ்சினும் மீண்டும் செயினைக் கொண்டுவந்தன. இம்முறை செயினைச் சரியான இறுக்கத்தில் வைக்க எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனர் இருந்தது. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் செயின் தேய்ந்து தளரும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது கேட்கும் கடகடச் சத்தம் அதன் அறிகுறி.

இவ்வகை டீசல் எஞ்சினில் செயினை மாற்ற, எஞ்சினைத் தாங்கிப் பிடித்து மவுண்ட்டைக் கழற்ற வேண்டும். எண்ணெய்த் தொட்டியையும் இறக்க வேண்டும். கேமை அசையாமல் நிறுத்தும் பூட்டு ஊசிகளும் தேவை. இதனால் வீட்டு வாசலில் நடந்த வேலை பெரும்பாலும் பட்டறைக்கு நகர்ந்தது.

மாறாத சோதனை

கருவிகள் மாறினாலும் ஒரு வழக்கம் மாறவில்லை. செயினைப் பூட்டியபின் சாவியைத் திருப்புவதற்கு முன், கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பார்கள். அப்போது கேம் ஒரு சுற்று முடித்திருக்கும். எங்கும் முட்டாமல் சுற்றி, சக்கரங்களின் மார்க்குகள் உரிய இடத்துக்குத் திரும்பினால்தான் எஞ்சினைக் கிளப்பலாம்.