துணை மானிகள் (மோட்டார் வாகனம்)

துணை மானிகள் என்பவை கார் தயாரிப்பாளர் பொருத்தாத, உரிமையாளர் பின்னர் டேஷ்போர்டில் சேர்க்கும் ஒளிரும் அளவுகருவிகள். எண்ணெய் அழுத்தம், குளிர்விப்பு நீரின் வெப்பநிலை, பேட்டரி மின்னழுத்தம், டர்போ அழுத்தம் ஆகியவற்றைக் காட்டுபவை பரவலானவை. வட்ட மானிகளின் வழக்கமான விட்டம் 52 மி.மீ.

வகைகள்: எந்திர வகை எண்ணெய் அழுத்தமானிக்கு எஞ்சினிலிருந்து மெல்லிய குழாய் வழியே எண்ணெயே வருகிறது. மின் வகையில் எஞ்சினில் திருகப்பட்ட சென்சாரின் சமிக்ஞை மட்டும் வயர் வழியே வருகிறது.

மின்னிணைப்பு: 12 வோல்ட் மின் மானிக்குப் பொதுவாக நான்கு வயர்கள் உண்டு: சாவியைத் திருப்பினால் மின்சாரம் பெறுவது, எர்த், சென்சார், விளக்கு. விளக்கு வயர் பார்க்கிங் விளக்குச் சுற்றில் சேர்வதால் இரவில் மானி தானாக ஒளிரும். ஜெர்மானிய டின் 72552 தரத்தில் சாவி மின்சாரத்தின் முனை எண் 15, பேட்டரியின் நேர் மின்சாரம் 30, எர்த் 31, பார்க்கிங் விளக்கு 58. மின்வழியின் தொடக்கத்தில் ஃபியூஸ் தேவை. எர்த் இணைப்பு தளர்ந்தால், விளக்கைப் போட்டதும் முள் இடம் மாறித் தவறான அளவைக் காட்டும்.

வரலாறு: தொடக்கத்தில் இழை பல்புகள் ஒளி தந்தன. கிரைஸ்லர் 1960ஆம் ஆண்டுக் கார்களில் பல்பு இல்லாத மின்னொளிர் பலகையைப் பயன்படுத்தியது. இன்று எல்இடி பெருவழக்கு. இதில் நேர், எதிர் முனைகள் மாறினால் ஒளி வராது.

முக்கியத்துவம்: எச்சரிக்கை விளக்கு கோளாறு முற்றியபின் எரிகிறது, மானி படிப்படியான மாற்றத்தையே காட்டுகிறது. பழைய அம்மீட்டரில் வாகனத்தின் பெரும்பகுதி மின்னோட்டம் டேஷ்போர்டு வழியே சென்றதால் தீ அபாயம் இருந்தது. அதனால் வோல்ட்மீட்டர் அதன் இடத்தைப் பிடித்தது.