சுகர் எவ்ளோ இருக்கு?

நீரிழிவு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், முன்பின் பழக்கமில்லாதவர்களும் உரிமையோடு கேட்கிற கேள்வி இது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். ஆபீஸ் லிஃப்டில் கேட்பார்கள். பதில் 130 என்றால் "பரவாயில்லயே" என்று ஒரு தலையாட்டல். 280 என்றால் ஒரு உச்சுக்கொட்டல், தொடர்ந்து வெந்தயம், பாகற்காய், யாரோ ஒரு சித்தப்பாவுக்குக் கால் எடுத்த கதை. பரீட்சை ரிசல்ட் அன்று மார்க் கேட்பவர்களின் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும்.

எனக்கு 16 வயதில் டைப் 1 வந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிற வகை. இருபது வருடமாகத் தினமும் நான்கு ஊசி. வலி என்றைக்கோ பழகிவிட்டது. பழகாதது அந்த எண்தான். ரத்தத் துளியை ஸ்ட்ரிப்பில் வைத்த பிறகு திரையில் எண் வர ஐந்து விநாடி ஆகும். அந்த ஐந்து விநாடியில் மனசு ஒரு விளக்கத்தைத் தயார் செய்யும். எதிரில் கேட்க ஆளே இல்லாதபோதும் செய்யும்.

ஒரு ரத்தப் பரிசோதனை எப்படி மார்க் ஷீட் ஆனது? சாஃப்ட்வேரில் ஒரு கோளாறு தெரிந்தால், அது எந்த வெர்ஷனில் உள்ளே நுழைந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம். அந்தத் தொழில் பழக்கத்தில்தான் இந்த வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன்.

எறும்பு, நாக்கு, செம்பு

மிக நீண்ட காலம் இந்த நோய்க்கு எண்ணே கிடையாது. ஆயுர்வேத நூல்கள் இதை மதுமேகம் என்றன. சிறுநீரைத் தேடி எறும்பு வருவதை அடையாளமாகச் சொன்னார்கள். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் அது தேன்போல இனிப்பதாக எழுதினார். 1776இல் லிவர்பூல் மருத்துவர் மேத்யூ டாப்சன் ஒரு நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்தார். அடியில் தங்கியது சர்க்கரை. அதே ஆளின் ரத்தத்திலும் இனிப்பு இருப்பதை அவர் கவனித்தார். கோளாறு சிறுநீரகத்தில் மட்டும் இல்லை, உடம்பு முழுக்க இருக்கிறது என்பதற்கு அது முதல் தடயம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் தன் பெயரிலான கரைசலைச் செய்தார. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் நாம் சூடாக்கிய அதே நீலக் கரைசல். செம்பு உப்பில் சர்க்கரை சேர்ந்தால் நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், ஆரஞ்சாகும், கடைசியில் செங்கல் சிவப்பு. நீரிழிவு உள்ளவர்கள் பல தலைமுறைகளுக்கு வீட்டு அடுப்பில் சிறுநீரைக் கொதிக்கவைத்து இந்த நிறங்களைப் பார்த்தார்கள். லேபில் என் டெஸ்ட் டியூப் சிவந்தபோது நண்பர்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறது. கரைசலுக்கும் எனக்கும் ஒரே வியாதி.

இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். அதுவும் சில மணி நேரத்துக்கு முந்தைய செய்தி. 120 என்றாலும் நீலம், உயிருக்கு ஆபத்தான 40 என்றாலும் நீலம். சர்வர் படுத்து நாலு மணி நேரம் கழித்து வருகிற அலர்ட்டை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது மாதிரி.

பட்டினியிலிருந்து வகுப்பறைக்கு

இன்சுலின் வருமுன் இருந்த சிகிச்சையின் பெயர் பட்டினி. நியூயார்க்கில் ஃபிரெடரிக் ஆலன் என்ற மருத்துவர் சிறுநீரில் சர்க்கரை மறையும்வரை உணவைக் குறைத்தார். சிலருக்கு ஒரு நாளைக்கு 400 கலோரிதான். கொடூரமாகத் தெரிந்தாலும், அன்று ஆயுளைச் சில மாதங்கள் நீட்டிய வழி அது ஒன்றுதான். 1919இல் அவரிடம் வந்த 11 வயதுச் சிறுமி எலிசபெத் ஹியூஸ், அமெரிக்க அரசியல் தலைவர் சார்லஸ் எவான்ஸ் ஹியூஸின் மகள். மூன்று வருடப் பட்டினியில் எடை ஏறத்தாழ 20 கிலோவுக்கு இறங்கியது.

1922 ஜனவரியில் டொரன்டோவில் லியோனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். முதல் மருந்து சரிப்படவில்லை. ஜேம்ஸ் காலிப் சுத்திகரித்துத் தந்த மருந்து 12 நாள் கழித்து வேலை செய்தது. ஆகஸ்டில் எலிசபெத்தும் ஃபிரெடரிக் பேன்டிங்கிடம் வந்து சேர்ந்தாள். பிழைத்தாள். 1981வரை வாழ்ந்தாள்; கிட்டத்தட்ட 42,000 ஊசிகள். ஆனால் தன் நோயை வாழ்நாள் முழுக்க ஏறக்குறைய எல்லோரிடமும் மறைத்தே வைத்திருந்தாள். உலகம் கொண்டாடிய மருத்துவ அதிசயத்தின் நேரடி சாட்சி, அதைப் பற்றிப் பேசவே விரும்பவில்லை. ஏன் என்று டைப் 1 உள்ள யாரிடமும் விளக்க வேண்டியதில்லை.

இன்சுலின் நோயைக் குணமாக்கவில்லை. சீக்கிரம் கொல்கிற நோயை, தினமும் வேலை வாங்குகிற நோயாக மாற்றியது. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைக்கணும், மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டணும், உணவை நிறுக்கணும். இந்த வேலையை நோயாளிதான் செய்தாக வேண்டும் என்பதை நன்றாகப் புரிந்துகொண்டவர் பாஸ்டனின் எலியட் ஜோஸ்லின். இன்சுலினுக்கு முன்பே, 1918இல், நோயாளிகளுக்கான கையேடு எழுதினார். செவிலியர்களை ஆசிரியர்களாக்கினார். உணவு, இன்சுலின், உடற்பயிற்சி ஆகிய மூன்று குதிரைகளைச் சேர்த்து ஓட்டுகிற தேரோட்டி என்று நோயாளியை உருவகித்தார். பல வருடங்கள் நலமாக வாழ்ந்தவர்களுக்குப் பதக்கமும் கொடுத்தார்.

நோயாளிக்கு அறிவு கொடுத்த விதத்தில் ஜோஸ்லின் பெரிய மனிதர். ஆனால் வகுப்பறை என்று ஒன்று வந்துவிட்டால் வீட்டுப்பாடம் வரும், நல்ல மாணவன் வருவான், பதக்கம் கிடைக்காதவனும் வருவான். குதிரை மிரண்டால் யார் மேல் தப்பு? தேரோட்டி மேல். நான் தேடிய கோளாறு உள்ளே நுழைந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு எஞ்சினியர் மீட்டர் வாங்கிய கதை

1960களின் நடுவில் ரத்தத்துக்கான ஸ்ட்ரிப் வந்தது. பிறகு அதன் நிறத்தைப் படித்து எண்ணாகச் சொல்லும் கருவியும் வந்தது. ஆனால் அது மருத்துவமனைகளுக்கானது.

ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் நியூயார்க்கில் எஞ்சினியர். 12 வயதில் டைப் 1 வந்தவர். முப்பதுகளிலேயே சிறுநீரகம் உட்படப் பல உறுப்புகள் பாதிக்கப்பட்டிருந்தன. 1969இல் ஒரு தொழில் இதழில் விளம்பரம் ஒன்றைப் பார்த்தார். இரவில் லேப் மூடியிருக்கும்போது அவசரப் பிரிவுக்கு மயங்கிய நிலையில் வருபவர் குடித்திருக்கிறாரா, நீரிழிவுக்காரரா என்று கண்டுபிடிக்க உதவும் கருவி. விலை 650 டாலர், எடை ஒன்றேகால் கிலோவுக்கு மேல். கம்பெனி டாக்டர்களுக்குத்தான் விற்கும். பெர்ன்ஸ்டைனின் மனைவி மனநல மருத்துவர்; அவர் பெயரில் ஆர்டர் போட்டார்கள்.

தினமும் பல முறை ரத்தத்தைச் சோதித்தார். எந்த உணவு எவ்வளவு ஏற்றுகிறது, ஒரு யூனிட் இன்சுலின் எவ்வளவு இறக்குகிறது என்று குறித்துவைத்தார். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். எஞ்சினியர் புத்தி. உடல்நிலை தேறியது. அதை எழுதி அனுப்பியபோது மருத்துவ இதழ்கள் திருப்பி அனுப்பின. டாக்டர் பட்டம் இருந்தால்தான் கேட்பார்கள் என்று, 45 வயதில், 1979இல், மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 2025இல் 90 வயதில் இறந்தார்.

அவர் பரிந்துரைத்த கடுமையான உணவுமுறையை எல்லா மருத்துவர்களும் ஏற்கவில்லை. அது தனி விவாதம். எனக்கு முக்கியமாகப் படுவது, தன் ரத்தத்தின் எண்ணைத் தானே பார்க்க ஒரு மனிதர் மனைவியின் பட்டத்தைக் கடன் வாங்க வேண்டியிருந்தது என்பது. அந்த எண் பெர்ன்ஸ்டைனுக்கு மார்க் இல்லை. அடுத்து என்ன செய்யலாம் என்பதற்கான தகவல்.

நிரூபணமும் அதன் விலையும்

எண்ணைக் கட்டுக்குள் வைத்தால் உறுப்புகள் பிழைக்குமா என்ற சண்டை பல பத்தாண்டுகள் நடந்தது. 1983இல் தொடங்கி 1,441 டைப் 1 தொண்டர்களோடு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வு, 1993இல் அதற்கு முடிவு கட்டியது. தீவிர சிகிச்சை எடுத்தவர்களுக்குக் கண் பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. சிறுநீரகம், நரம்புகளிலும் பெரிய பலன். இன்று என் கண் நன்றாக இருப்பதில் அந்த 1,441 பேருக்குப் பங்கு உண்டு.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. தீவிர சிகிச்சை எடுத்தவர்களுக்கு, பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை இறங்கிப்போவது ஏறத்தாழ மூன்று மடங்கு ஆனது. லோ சுகர் என்பது என்ன என்று சொல்கிறேன். ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வரும். பனியன் நனைந்திருக்கும், கை நடுங்கும். கிச்சனில் சர்க்கரை டப்பா எங்கே என்று தெரியாமல் நம் வீட்டிலேயே நாம் தொலைந்துபோயிருப்போம். கிடைத்ததை அள்ளிப் போட்டுக்கொண்டு படுத்தால் காலையில் 290. "நேத்து ராத்திரி என்ன சாப்ட்ட?" என்று ஒரு குரல் வரும். ராத்திரி சாப்பிட்டது உயிர் பிழைக்க.

என் ஆரம்ப வருடங்களில் ஒரு டாக்டர், நோட்டைப் புரட்டி அதிகமான எண்களை மட்டும் சிவப்புப் பேனாவால் சுழிப்பார். "என்னடா, ஸ்வீட் சாப்ட்டியா?" அம்மா பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். காய்ச்சல் சுகரை ஏற்றும். தூக்கமின்மை ஏற்றும், மன அழுத்தம் ஏற்றும், ஊசி போட்ட இடம் தடித்திருந்தால் மருந்து சரியாக இறங்காது. அதே இரண்டு இட்லி, அதே நான்கு யூனிட், திங்கள்கிழமை 140, செவ்வாய்க்கிழமை 230. சோதனைக்கு வந்த சாஃப்ட்வேர் இப்படி நடந்துகொண்டால் நாங்கள் ஆளைத் திட்ட மாட்டோம். இன்னும் கணக்கில் எடுக்காத உள்ளீடு ஏதோ இருக்கிறது என்போம்.

போதாக்குறைக்கு, எண்ணே கறாரானது இல்லை. வீட்டு மீட்டர்களுக்கான 2013ஆம் ஆண்டு சர்வதேசத் தரநிலை, 100க்கு மேலான அளவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை 15 சதவீதத்துக்குள் சரியாக இருந்தால் போதும் என்கிறது. உண்மையில் 200 இருந்தால் மீட்டர் 170 காட்டலாம், 230 காட்டலாம். ரெண்டும் பாஸ்.

1984இல் அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வைப் படித்தபோது கொஞ்ச நேரம் திரையை மூடிவைத்தேன். நோயாளிகளுக்கு மீட்டர் கொடுத்து, நோட்டில் எழுதிவரச் சொன்னார்கள். மீட்டருக்குள் நினைவகம் இருப்பதைச் சொல்லவில்லை. ஒப்பிட்டால், பலருடைய நோட்டில் இருந்த எண்கள் மீட்டரில் பதிவானவற்றைவிட அழகாக இருந்தன. எடுக்காத அளவுகளும் எழுதப்பட்டிருந்தன. நோயாளிகளை நம்ப முடியாது என்பதற்கு இது ஆதாரமாயிற்று. எனக்கு அதில் தெரிந்தது, சிவப்புப் பேனாவுக்குப் பயந்த மனிதர்கள்.

சலிப்புக்கு ஒரு பெயர்

இந்தச் சலிப்புக்கு மருத்துவத்தில் இடம் கிடைக்க 1995 ஆனது. வில்லியம் பொலோன்ஸ்கி என்ற உளவியலாளரும் சகாக்களும் 20 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை வெளியிட்டார்கள். சாப்பாட்டைப் பற்றியே எப்போதும் யோசிக்க வேண்டியிருக்கிறதா, வழி தவறினால் குற்ற உணர்ச்சி வருகிறதா, விடாத முயற்சியால் ஓய்ந்துபோய்விட்டீர்களா என்ற வகைக் கேள்விகள். இது மனச்சோர்வு நோயும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை, முடிவே இல்லாத ஒரு வேலை தருகிற இயல்பான களைப்பு என்று ஒரு துறை ஒப்புக்கொண்டது. விசேஷம் என்னவென்றால், அந்தப் படிவம் உருவானது ஜோஸ்லின் பெயரைத் தாங்கிய பாஸ்டன் மையத்தில்.

பிறகு வந்தவை தோலுக்கடியில் இருக்கும் சென்சார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு என்றால் நாளொன்றுக்கு 288 எண்கள். 2013இல் நியூயார்க் மாகாணத்தில் ஜான் காஸ்டிக் என்ற சாஃப்ட்வேர் எஞ்சினியர், தன் சின்னப் பையனின் சென்சார் அளவை ஆபீஸிலிருந்து பார்க்க வழி இல்லாததால், தானே நிரல் எழுதி அதை இணையத்துக்கு ஏற்றினார். அதிலிருந்து நைட்ஸ்கவுட் என்ற கூட்டு முயற்சி வளர்ந்தது. அலாரம் சத்தம் போதாமல் தூக்கத்தில் செத்துப்போய்விடுவோமோ என்று பயந்த டானா லூயிஸ், ஸ்காட் லைப்ரண்டோடு சேர்ந்து முதலில் சத்தமான அலாரம் செய்தார். 2015இல், இன்சுலின் பம்ப்பைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்பின் வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்துவைத்தார். பெர்ன்ஸ்டைன் பரம்பரை.

நானும் முடிந்த மாதங்களில் சென்சார் ஒட்டிக்கொள்கிறேன், விலை அப்படி. மீட்டிங் நடுவே அலாரம் அடிக்கிறது. ஆன்-கால் டியூட்டிக்கு ஷிஃப்ட் மாற்ற ஆள் உண்டு, இதற்கு இல்லை. ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. மனைவியின் ஃபோனிலும் அந்தக் கோடு தெரியும். "நூத்திநாப்பது, இறங்குது" என்பாள். ரயில் எந்த ஸ்டேஷன் தாண்டியது என்று சொல்கிற குரல். அதில் அட்வைஸ் இருக்காது. நான் பிஸ்கெட் எடுப்பேன்.

2017இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் நீரிழிவுக் கல்வியாளர் சங்கமும் சேர்ந்து, மருத்துவர்கள் என்ன வார்த்தைகளைத் தவிர்க்கலாம் என்று ஒரு பரிந்துரை வெளியிட்டன. "கன்ட்ரோல்", சொன்னபடி கேட்பதைக் குறிக்கும் "கம்ப்ளையன்ஸ்" இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. பரீட்சை வாசனை அடிக்கும் "டெஸ்ட்" என்பதற்குப் பதில் "செக்" என்று சொல்லலாம் என்றார்கள். சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் தமிழில் நம்மிடம் இருக்கிற வார்த்தைகளைப் பாருங்கள்: கட்டுப்பாடு, பத்தியம், வாயைக் கட்டுதல். எல்லாமே தப்பு செய்தவனுக்கான வார்த்தைகள். 2023இல் வெளியான தேசிய ஆய்வு இந்தியாவில் நீரிழிவோடு வாழ்பவர்கள் 10 கோடிக்கு மேல் என்றது. இத்தனை பேருக்கும் பழி சேராத ஒரு சொல்லை நாம் இன்னும் உண்டாக்கவில்லை.

எண்ணைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது நோயாளி கைக்கு வர ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது. அதன் மதிப்பு தெரியும். கேளுங்கள். 280 என்று பதில் வந்தால், காரணம் கேட்பதற்கு முன் தண்ணி வேணுமா என்று கேளுங்கள். சுகர் ஏறினால் தாகம் எடுக்கும்.