ஆறு நிமிட நடையும் அளவுகோலும்

கூப்பிடு தூரம் என்றும், நாழிகை வழி என்றும், காதம் என்றும் நம் முன்னோர் வழியின் நீளத்தை மனிதனைக் கொண்டே அளந்தனர். இருபதாம் நூற்றாண்டின் மருத்துவமோ அதனைத் தலைகீழாக்கி, வழியைக் கொண்டு மனிதனை அளக்கத் தொடங்கிற்று. குறித்த நேரத்தில் குறித்த தூரம் நடப்பவன் நலமுடையவன் என்பது அதன் கொள்கை. அத்தூரம் எவருடைய காலால் வரையறுக்கப்பட்டது என்பதையே இன்று நோக்கவிருக்கின்றோம்.

1968 ஆம் ஆண்டில் கென்னத் கூப்பர் என்னும் வைத்தியர், ஐக்கிய அமெரிக்க வான்படையைச் சேர்ந்த 115 ஆடவரைப் பன்னிரண்டு நிமிடம் ஓடச்செய்து, அவர்கள் கடந்த தூரத்திலிருந்து, உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் ஆற்றலைக் கணித்தார். நாட்பட்ட மார்புச்சளி நோயாளரை ஓடச்செய்தல் இயலாதன்றோ? ஆதலால் 1976 இல் பிரித்தானிய வைத்தியர் சிலர் அந்த ஓட்டத்தை நடையாக மாற்றினர். 1982 இல் ஆறு நிமிட நடையே போதும் என்று காட்டப்பட்டது. மூச்சிரைக்கும் முதியவருக்கு இச்சலுகை பெரிது.

இச்சோதனைக்கு வேண்டியவை ஒரு நடைகூடமும் ஒரு கடிகாரமுமே. ஆயினும் எளிய கருவியே எளிதில் ஏமாற்றும். நடப்பவரிடம் இடையிடையே ஊக்கமொழி கூறினால் நடைத்தூரம் சராசரியாக 30 மீற்றர் அளவு கூடுகின்றது என்று 1984 இல் ஓர் ஆய்வு கண்டது. மாணவரிடையே காலங்கழித்தவர்க்கு இது வியப்பன்று. நடைகூடம் 30 மீற்றர் நீளமுடையதாக இருத்தல் வேண்டும், இன்ன சொற்களையே கூறுதல் வேண்டும் என்று அமெரிக்க மார்பியற் சங்கம் 2002 இல் விதி வகுத்தது.

இனி அளவுகோலுக்கு வருவோம். 1998 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலே, 40 முதல் 80 வயது வரையுள்ள நலமுடைய ஆண்கள் 117 பேரும் பெண்கள் 173 பேரும் நடந்தனர். ஆண்களின் நடு அளவு 576 மீற்றர். பெண்களின் நடு அளவு 494 மீற்றர். வயது, உயரம், நிறை ஆகியவற்றைக் கொண்டு ஒருவர் நடக்கவேண்டிய தூரத்தைக் கூறும் சூத்திரமும் அமைக்கப்பட்டது. ஆளுக்கு ஆள் காணப்பட்ட வேறுபாட்டில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கையே அது விளக்கிற்று. எனினும் அது கடல் கடந்தது. 2006 இல் சிங்கப்பூரில் நலமுடைய சீனரை நடக்கச்செய்தபோது, மேலைநாட்டுச் சூத்திரங்கள் எதிர்பார்த்த தூரத்தை அவர்கள் எட்டவில்லை. நோயில்லாதவர் ஏட்டிலே குறையுடையவராயினர்.

அவ்வாறாயின் இனத்துக்கு ஓர் அளவுகோல் செய்துவிடலாமே என்று தோன்றும். இங்கே மூச்சளவுமானியின் வரலாறு நம்மைத் தடுத்து நிறுத்துகின்றது. 1846 இல் அக்கருவியைக் கொண்டு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரை அளந்த ஜோன் ஹட்சின்சன், உயரம் கூட மூச்சளவும் கூடும் என்று கண்டார். 1869 இல் பெஞ்சமின் கூல்ட், அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரரை அளந்த கணக்கை வெளியிட்டார். அதில் கறுப்பின வீரரின் மூச்சளவு குறைவாயிருந்தது. அடிமை வாழ்வின் உணவும் உழைப்பும் உறைவிடமும் மறக்கப்பட, அக்குறைவு இரத்தத்தின் இயல்பெனக் கொள்ளப்பட்டது. பிற்காலத்தில் அமெரிக்க வைத்தியசாலைகளிலே கறுப்பினத்தவரின் இயல்பளவு நூற்றுக்கு 10 முதல் 15 வரை குறைத்தே கணிக்கப்பட்டது. தூசியால் நெஞ்சு கெட்ட தொழிலாளி ஒருவன், தன் இனத்துக்கு இவ்வளவே இயல்பென்று நலமுடையோர் வரிசையில் வைக்கப்படலாம். மருந்தும் நட்டஈடும் அவனுக்கு எட்டாமற் போகலாம். இரவல் அளவுகோல் நலமுடையவனை நோயாளியாக்கிற்று; இன அளவுகோலோ நோயாளியை மறைத்துவிடும். இவற்றுள் பின்னதே கொடிது என்பது என் கருத்து.

2011 இல் ஏழு நாடுகளில் நலமுடையோர் 444 பேரை ஒரே முறைப்படி நடக்கச்செய்தனர். சராசரி 571 மீற்றர். ஆயினும் ஒருவர் 380 மீற்றரும் மற்றொருவர் 782 மீற்றரும் நடந்தனர். அந்நாடுகளுள் ஐந்து ஸ்பானிய மொழி பேசுவன. அவ்வாறிருந்தும் இடத்துக்கு இடம் நடை பெரிதும் வேறுபட்டது. கால் நீளமும், பிள்ளைப்பருவத்து ஊட்டமும், செய்தொழிலும், அன்றாட நடைப்பழக்கமும் இனம் என்ற ஒரு சொல்லுக்குள் அடங்குவனவல்ல. மூச்சளவைக் கணிக்கையில் இனத்தை விலக்குமாறு அமெரிக்க மார்பியற் சங்கம் 2023 இல் பரிந்துரைத்தது.

நோயாளியின் நடையை அவருடைய முந்திய நடையோடு ஒப்பிடுகையில் இனமும் வேண்டா, சூத்திரமும் வேண்டா. அவ்வொப்பீட்டில் 30 மீற்றர் அளவான மாற்றமே பொருட்படுத்தத்தக்கது என்று 2014 ஆம் ஆண்டின் சர்வதேச விதிகள் கூறுகின்றன. ஊக்கமொழியால் கூடிய தூரமும் அதுவே.